எங்க ஃபைல், உங்க ஃபைல்

பில்லிங் சாஃப்ட்வேரில் புதிய பதிப்பை எழுதுவது ஒரு வேலை. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய பதிப்பின் மேல் அதை ஏற்றுவது வேறு வேலை. முதல் வேலைக்கு ஆள் நிறைய. இரண்டாவதில் பெயர் கிடைக்காது, திட்டு மட்டும் கிடைக்கும். அதனால் அதற்கு ஆள் குறைவு. நான் இரண்டாவது வேலைக்காரன். வீடு அண்ணனூரில். ரயிலேறினால் திருமுல்லைவாயில், அம்பத்தூர், அதற்கடுத்துப் பட்டரவாக்கம். இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத், மில்லிங், பிரஸ் டூல், பவுடர் கோட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று வரிசையாகச் சின்னச் சின்னக் கம்பெனிகள். அவர்களுடைய பில்லிங் மெஷின்களுக்கு செட்டப் தயாரித்துக் கொடுத்துப் பிழைக்கிறேன்.

செட்டப் என்றால் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ என்றுதான் வெளியே தெரியும். உள்ளே இருப்பது ஒரு பட்டியல். எந்த ஃபைல், எந்த ஃபோல்டரில், எந்தப் பதிப்பு, எந்தத் தேதி. போன தடவை இன்னின்னதை இங்கே வைத்துவிட்டு வந்தோம், அது அப்படியே இருக்கிறது என்று நம்பித்தான் இந்தத் தடவை அது வேலையை ஆரம்பிக்கிறது. டிஸ்க் நிரம்பியிருந்தாலும், ஆன்டிவைரஸ் மறித்தாலும், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஒரு ஃபைலை விடாமல் பிடித்திருந்தாலும் செட்டப் அங்கேயே நின்று சத்தம் போடும். காரணம் தெரிந்துவிடும், சரி செய்துவிடலாம். இடைப்பட்ட காலத்தில் யாரோ கை வைத்த ஃபைல் மட்டும் சத்தம் போடாது. இன்ஸ்டால் வெற்றி என்று திரை சொல்லும். மறுநாள் காலை முதல் பில் போடும்போதுதான் போன் வரும்.

ஏன் கை வைக்கிறார்கள்? ‘யூசர் தெரியாம மாத்திட்டார்’ என்று சப்போர்ட் ஆட்கள் எழுதிவைப்பது வழக்கம். நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் தெரிந்தே மாற்றுகிறார்கள், வேறு வழியில்லாமல் மாற்றுகிறார்கள்.

தொழிற்பேட்டையில் இன்னும் பல இடங்களில் பில் அச்சடிப்பது டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில்தான். கார்பன் வைத்த பேப்பரில் ஒரே அடியில் மூன்று காப்பி எடுக்க அதைவிட மலிவான வழி இல்லை. அங்குலத்துக்குப் பத்து எழுத்து, அங்குலத்துக்கு ஆறு வரி. எண்பது எழுத்துக்கு எட்டு அங்குல அகலம். பதினொரு அங்குலப் பேப்பர் என்றால் பக்கத்துக்கு 66 வரி, பன்னிரண்டு அங்குலம் என்றால் 72. எந்த வரியில் பில் நம்பர், எந்த வரியில் பார்ட்டி பெயர், பக்கம் எத்தனை வரி என்பதெல்லாம் ஒரு சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். லேஅவுட் ஃபைல் என்போம். எங்கள் செட்டப்பில் போகும் லேஅவுட்டில் 66. கம்பெனிக்காரரோ பெயர், முகவரி, கட்டங்கள் எல்லாம் அச்சடித்த பன்னிரண்டு அங்குல பில் பேப்பரைக் கட்டுக்கட்டாக வாங்கி வைத்திருப்பார். அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர் நோட்பேடில் லேஅவுட்டைத் திறந்து 66-ஐ 72 ஆக்கிவிடுவார். தப்பே இல்லை. அவர் வேலை நடக்க வேண்டும்.

அடுத்த அப்டேட் வந்து அந்த ஃபைலை மாற்றிவிட்டால் வரும் போன் இப்படித்தான் இருக்கும்:

“சார், அப்டேட் போட்டதுலேருந்து பில்லு மேல ஏறிக்கிட்டே போகுது. முதல் பில்லு கட்டத்துல சரியா விழுது. அடுத்தது ஒரு இன்ச்சு மேல. அதுக்கடுத்தது ரெண்டு இன்ச்சு. ஓனர் புது பிரிண்டர் வாங்கணும்கிறார்.”

“பிரிண்டரை ஒண்ணும் பண்ணாதீங்க மேடம். லேஅவுட் ஃபைல்ல பேஜ் லென்த் என்ன இருக்குன்னு பாருங்க.”

“அறுபத்தாறு... நான் எழுபத்திரண்டு போட்டிருந்தேனே சார்?”

மெஷின் பதினொரு அங்குலம் தள்ளுகிறது, பேப்பர் பன்னிரண்டு அங்குலம். ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு அங்குலம் கடன் ஏறுகிறது. கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஒரு எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க அரை நாள் டெஸ்பாட்ச் நின்றுவிடும்.

விண்டோஸ் இன்ஸ்டாலர் 1999-ல் ஆபீஸ் 2000-உடன் வந்தது. அதைச் செய்தவர்களும் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. பதிப்பு எண் உள்ள ஃபைலா, பெரிய எண் ஜெயிக்கும். புரோகிராம் ஃபைல்களுக்கு இது போதும். லேஅவுட், செட்டிங்ஸ் மாதிரி டெக்ஸ்ட் ஃபைல்களுக்குப் பதிப்பு எண் கிடையாது. அவற்றுக்குத் தேதி பார்க்கும். உருவான தேதியைவிடத் திருத்திய தேதி பிந்தியிருந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதைத் தொடாது. இல்லையென்றால் புதியதை வைத்துவிடும்.

நல்ல எண்ணத்தோடு வைத்த விதி. ஆனால் இரண்டு பக்கமும் கவிழ்க்கும். தொடாமல் விட்டால் என்ன ஆகும்? புரோகிராம் புதியது, லேஅவுட் பழையது. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோது இதன் முழு வீரியமும் தெரிந்தது. எக்சைஸ், வாட் கட்டங்களோடு இருந்த பழைய லேஅவுட்டை, திருத்திய ஃபைல் என்று மரியாதை கொடுத்து செட்டப் விட்டுவைத்தால், சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் கணக்கில் சரியாக ஏறியிருக்கும். பேப்பரில் அச்சாக இடமே இருக்காது. பாதி அப்டேட் என்பது அப்டேட்டே போடாததைவிட மோசம். பழையது பழையதாகவே இருந்தால் அதன் குணம் நமக்குத் தெரியும்.

மறுபக்கம் இன்னும் வேடிக்கை. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, புதிது வாங்குகிறார்கள். ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் புதியதில் காப்பி செய்கிறார்கள். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், திருத்திய தேதி பழையதாகவே வரும். உருவான தேதி மட்டும் காப்பி செய்த நேரமாக மாறிவிடும். மூன்று வருடம் முன்பு 72 என்று மாற்றிய லேஅவுட், இன்று பிறந்த ஃபைல் மாதிரி நிற்கும். உருவான தேதி பிந்தியது, திருத்திய தேதி முந்தியது. அப்படியானால் யாரும் தொடவில்லை என்று இன்ஸ்டாலர் முடிவு கட்டி அழித்துவிடும். பழைய மெஷினில் ஐந்து அப்டேட்டைத் தாண்டிய திருத்தம் புதிய மெஷினில் முதல் அப்டேட்டிலேயே போய்விடும். ‘இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துது?’ என்ற கேள்விக்குப் பின்னால் பல இடங்களில் இந்தத் தேதிதான் ஒளிந்திருக்கிறது.

தேதியை நம்பக் கூடாது என்றால் ஃபைலின் உள்ளடக்கத்தை நம்பலாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டு ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஓர் எண் கணக்கிட முடியும். ஓர் எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். காப்பி செய்தாலும் தேதி புரண்டாலும் அது மாறாது. நான் கட்டும் செட்டப்பில் தேதியைப் பார்ப்பதே இல்லை.

கை வைத்ததைத் தானாகவே பழையபடி ஆக்கிவிடும் கோளாறு ஒன்றும் உண்டு. பில்லில் எங்கள் சாஃப்ட்வேர் லோகோ வருவது பிடிக்காமல் ஒருவர் அந்தப் படத்தை டெலீட் செய்கிறார் என்று வையுங்கள். விண்டோஸ் இன்ஸ்டாலர் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஓர் அடையாள ஃபைலைக் குறித்து வைத்திருக்கும். அந்தப் படமே அடையாள ஃபைலாக அமைந்திருந்தால், அடுத்த தடவை ஸ்டார்ட் மெனுவிலிருந்து திறக்கும்போது அது காணவில்லை என்று பார்த்து, ரிப்பேர் என்ற பெயரில் அந்தத் தொகுப்பையே திரும்ப வைத்துவிடும். லோகோ திரும்பி வரும். கூடவே, அதே தொகுப்பில் இருக்கும் மற்ற ஃபைல்களும் ஆட்டம் காணும். வைரஸ் என்றுதான் நினைப்பார்கள்.

2007 ஜனவரியில் விஸ்டா வந்த பிறகு நிழல் ஃபைல்கள் சேர்ந்துகொண்டன. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் சாதாரண யூசர் எழுதக் கூடாது என்று மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்தியது. பழைய புரோகிராம்கள் அங்கேயே எழுதிப் பழகியவை. எழுத முடியாவிட்டால் விழுந்துவிடும். அதனால் விண்டோஸ் ஓர் ஏற்பாடு செய்தது. அப்படிப்பட்ட புரோகிராம் எழுதுவதைச் சத்தமில்லாமல் அந்த யூசரின் சொந்த ஃபோல்டருக்குள் ‘விர்ச்சுவல் ஸ்டோர்’ என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். படிக்கும்போதும் முதலில் அங்கேதான் பார்க்கும். நாங்கள் போய் அசல் ஃபைலை எத்தனை தடவை மாற்றினாலும் புரோகிராம் நிழலையே படித்துக்கொண்டிருக்கும். ஓனர் லாகினில் ஒரு பில், அக்கவுண்டன்ட் லாகினில் வேறொரு பில் என்று ஒரே மெஷினில் வந்தால், நான் முதலில் திறப்பது அந்த ஃபோல்டரைத்தான்.

பேட்ச் கதை சுருக்கமானது. முழு ஃபைலை அனுப்பாமல், பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புவது பேட்ச். பழையது எழுத்து பிசகாமல் அசலாக இருந்தால்தான் வித்தியாசத்தைப் பொருத்த முடியும். யாரோ தொட்டிருந்தால் பேட்ச் மறுக்கும், அல்லது அசல் சிடியைக் கொடு என்று கேட்கும். மறுக்கிற பேட்ச் நல்ல பேட்ச். பொருந்தாததன் மேல் ஒட்டிவிட்டுப் போவதைவிட அது மேல்.

இவ்வளவுக்கும் தெளிவான விடை லினக்ஸ் உலகத்தில் வெகுநாளாக இருக்கிறது. 1993-ல் தொடங்கிய டெபியன் அந்த வழியைப் பின்பற்றுகிறது. டெபியனை அடிப்படையாக வைத்துத்தான் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. அந்த லேப்டாப் வைத்திருந்த பலர் அதைத் திறந்தே பார்க்காமல் இருந்திருக்கலாம். அதன் உள்ளே இருந்த ஒழுங்கு படிக்க வேண்டிய ஒன்று.

டெபியன் செட்டிங்ஸ் ஃபைல்களைத் தனி இனமாகப் பிரித்து வைக்கிறது. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் மூன்று ஹாஷ்களை ஒப்பிடுகிறது: போன தடவை நாம் கொடுத்த அசல், இப்போது மெஷினில் இருப்பது, இந்தத் தடவை கொடுக்கப்போவது. மெஷினில் இருப்பது அசலாகவே இருந்தால், யாரும் தொடவில்லை, புதியதை வைக்கலாம். நாம் கொடுப்பது போன தடவை கொடுத்ததேதான் என்றால், நம் பக்கம் மாற்றமே இல்லை. அவர் திருத்தத்தை அப்படியே விடலாம். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் மட்டும் நின்று கேட்கும். எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் உங்களுடையதே நிற்கும்; புதியது பக்கத்தில் வேறு பெயரில் காத்திருக்கும். நீங்கள் அந்த ஃபைலை டெலீட் செய்திருந்தால் அதையும் ஒரு முடிவாக ஏற்றுக்கொண்டு, திரும்ப வைக்காது. ரெட் ஹாட் வகையறாவின் ஆர்பிஎம்மும் இப்படி இரண்டு பிரதியையும் காப்பாற்றும் பழக்கம் உடையது.

இதில் எனக்குப் பிடித்தது, கேள்வி கேட்பதில் காட்டும் சிக்கனம். எல்லாவற்றுக்கும் கேட்கிற செட்டப்பை யாரும் படிக்க மாட்டார்கள்; எஸ், எஸ் என்று தட்டிக்கொண்டே போவார்கள். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் கேட்டால்தான் பதில் உண்மையாக வரும்.

ஆனால் இரண்டு பக்கமும் மாறிய அந்த மூன்றாவது நிலையில், கேட்டு மட்டும் என்ன பயன்? இ-இன்வாய்ஸ் அதைத்தான் காட்டியது. 2020 அக்டோபர் 1-ல் ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஆரம்பித்து, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1-ல் ஐந்து கோடி வரைக்கும் வந்தது. தொழிற்பேட்டையில் அதுவரை தனக்குச் சம்பந்தமில்லை என்றிருந்த பட்டறைகள் பல உள்ளே வந்தன. பில்லை அரசு தளத்தில் பதிந்து, திரும்பி வரும் க்யூஆர் கோடை பில்லில் அச்சிட வேண்டும். கூடவே வரும் ஐஆர்என் என்ற பதிவு எண்ணையும் நாங்கள் லேஅவுட்டில் ஒரு வரியாகச் சேர்த்தோம். அது 64 எழுத்து நீளம்.

ஒரு வாடிக்கையாளரின் பில் பேப்பரில் இடப்பக்கம் நிறம் போட்ட ஒரு பட்டை. அதைத் தாண்டி அச்சாவதற்காக அவர் இடது ஓரத்தைப் பன்னிரண்டு எழுத்து தள்ளி வைத்திருந்தார். அவர் லேஅவுட்டை வைத்துக்கொண்டால் ஐஆர்என் வராது. எங்களுடையதை வைத்தால் எழுத்தெல்லாம் பட்டையின் மேல் ஏறும். சரி, கையால் இரண்டையும் சேர்ப்போம் என்றால்: ஓரம் 12, ‘ஐஆர்என்’ என்று ஆங்கிலத்தில் போட்டு ஒரு புள்ளியும் இடைவெளியும் விட ஐந்து, எண் 64. மொத்தம் 81. வரியின் அகலம் 80. கடைசி ஓர் எழுத்து மடங்கி அடுத்த வரிக்குப் போகும். அதற்குக் கீழே உள்ள எல்லாம் ஒரு வரி இறங்கும். மொத்தத் தொகை கட்டத்துக்கு வெளியே விழும். அவர் திருத்தமும் சரி, எங்கள் சேர்க்கையும் சரி, இரண்டும் சேரும்போது தப்பு. இதை எந்த ஹாஷும் சொல்லாது. ‘எதை வைத்துக்கொள்வது?’ என்று அக்கவுண்ட்ஸ் மேடத்திடம் கேட்டால் அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

சண்டை ஃபைல் அளவில் நடப்பதால்தான் இந்தச் சிக்கல். அவர் மாற்ற விரும்பியது இரண்டே எண்கள்: பக்க நீளம் 72, ஓரம் 12. அந்த இரண்டு எண்களுக்காக இருநூறு வரி ஃபைல் முழுவதும் அவருடையதாகிவிடுகிறது. அதில் நாங்கள் எதைத் தொட்டாலும் அத்துமீறல். ஆகவே ஃபைலைப் பிரிக்க வேண்டும். லேஅவுட் எங்களுடையது, ஒவ்வொரு அப்டேட்டிலும் தயக்கமில்லாமல் மாற்றுவோம். பக்கத்தில், புரோகிராம் ஃபோல்டருக்கு வெளியே, வாடிக்கையாளருடைய சின்ன ஃபைல் ஒன்று. அதில் அந்த இரண்டு எண்கள் மட்டும். புரோகிராம் முதலில் எங்களுடையதைப் படிக்கும், பிறகு அவருடையதை அதன் மேல் போடும். அந்த ஃபைல் செட்டப்பின் பட்டியலிலேயே கிடையாது. பட்டியலில் இல்லாததை அப்டேட்டும் தொடாது, அன்இன்ஸ்டாலும் தொடாது. ஓரம் சேர்த்த பிறகு வரி எண்பதைத் தாண்டுகிறதா என்று பார்த்து மடிப்பது புரோகிராமின் வேலை.

இந்த ஏற்பாடு எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. தொழிற்பேட்டை முழுக்க ஓடும் டேலியையே பாருங்கள். பில் வடிவத்தை மாற்ற வேண்டுமா, கூடுதல் கட்டம் வேண்டுமா, டிடிஎல் என்ற அதன் சொந்த மொழியில் தனி ஃபைல் எழுதி இணைத்துக்கொள்ளலாம். மூல புரோகிராமைத் திறக்க வேண்டியதில்லை. அதனால்தான் தெருவுக்குத் தெரு டிடிஎல் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவர்கள் உருவாக முடிந்தது. வேர்ட்பிரஸ்ஸில் தீமை நேரடியாகத் திருத்தாமல் சைல்டு தீம் வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

பிரித்தால் மட்டும் தீராது. நாங்கள் ‘ஓரம்’ என்று வைத்த பெயரை அடுத்த பதிப்பில் ‘இடது ஓரம்’ என்று மாற்றினால் அவருடைய 12 அனாதையாகிவிடும். எந்த நிமிடம் ஒரு பெயரை வாடிக்கையாளர் ஃபைலில் எழுத அனுமதித்தோமோ, அந்த நிமிடத்திலிருந்து அது வாக்கு. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் பழைய பெயரையும் புரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, எல்லாவற்றையும் பூட்டிவிட்டால் யாரும் தொட முடியாதே என்று கேட்பவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. ஆண்ட்ராய்டு அப்படித்தான் செய்கிறது: வேறொருவர் திருத்திக் கையெழுத்திட்ட ஆப்பின் மேல் அசல் அப்டேட் ஏறவே ஏறாது. பேங்க் ஆப்புக்கு அது வேண்டும். பட்டறை பில்லுக்குப் பொருந்தாது. பூட்டினால் வாடிக்கையாளர் திருத்துவதை நிறுத்த மாட்டார், அப்டேட் போடுவதை நிறுத்திவிடுவார். அப்டேட் தன் திருத்தத்தை அழிக்காதிருக்க லேஅவுட் ஃபைலுக்கு ‘ரீட் ஒன்லி’ போட்டு வைத்த மெஷின்களைப் பார்த்திருக்கிறேன். சில செட்டப்கள் அங்கே முட்டி நிற்கும். சில அதை மதிக்காமல் மேலே எழுதிவிட்டுப் போகும். நம்மிடமிருந்து ஃபைலைக் காப்பாற்ற ஒருவர் பூட்டுப் போடும் நிலைமை வந்துவிட்டதென்றால் கோளாறு அவரிடம் இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறி, 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5, 18-க்குப் போனபோது, அப்டேட்டுக்குப் பயந்து பழைய பதிப்பிலேயே இருப்பவர் என்ன செய்வார்? விகிதத்தைக் கையால் அடிப்பார். அந்தத் தப்புக்கு நோட்டீஸ் வரும்.

அதனால் என் செட்டப் எதையும் எழுதுவதற்கு முன் ஒரு சுற்று பார்த்துவிட்டு வரும். எங்கள் ஃபைல்களில் ஹாஷ் மாறியவை எவை என்று தமிழில் பட்டியலிடும். அவற்றைத் தேதி போட்ட ஃபோல்டரில் எடுத்து வைக்கும். அதன் பிறகே வேலை. முடிந்ததும் போன பில் ஒன்றை எடுத்துத் திரையில் அச்சு வடிவம் காட்டும். கட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஃபினிஷ். அந்தப் பட்டியல்களை வாடிக்கையாளர் அனுமதியோடு கேட்டு வாங்கிப் படிப்பேன். பலரும் ஒரே வரியைத் திருத்தியிருந்தால், அந்த வரி ஃபைலில் இருக்கவே கூடாது. செட்டிங்ஸ் திரையில் ஒரு கட்டமாக இருக்க வேண்டும். பக்க நீளம் அப்படித்தான் திரைக்கு வந்தது.

புதிதாக வேலைக்குச் சேரும் பசங்கள் செட்டப்பை எப்போதும் புது விண்டோஸ் போட்ட சுத்தமான மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘அண்ணே, பாஸ்’ என்பார்கள். சுத்தமான மெஷினில் எல்லா செட்டப்பும் பாஸ்தான். அவர்களுக்காகத் தனியே ஒரு மெஷின் வைத்திருக்கிறேன். அதில் லேஅவுட் திருத்தியிருக்கும், லோகோ டெலீட் ஆகியிருக்கும், ஒரு ஃபோல்டர் பென் டிரைவ் வழியாக வந்திருக்கும், இரண்டு லாகினுக்கும் இரண்டு நிழல் ஃபைல்கள் இருக்கும், எங்கோ ஓர் இடத்தில் ‘ரீட் ஒன்லி’ டிக் இருக்கும். அதில் அப்டேட் போட்டு, பேப்பரில் வரிசையாக மூன்று பில் அடித்துக் காட்டினால்தான் அந்தப் பதிப்பு ஆபீஸை விட்டு வெளியே போகும்.